வேண்டாம் என்று சொல்ல முடிகிற கை

சுனாமிக்குப் பிந்தைய வாரங்களில், அதாவது 2005 ஜனவரியில், நாகப்பட்டினத்துக்கு உதவப் போய்வந்தவர்கள் பலரும் ஒரு காட்சியைத் தவறாமல் சொல்வார்கள்: சாலையோரமெங்கும் துணி. தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும், வெளி மாநிலங்களிலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய புடவைகள், சட்டைகள், சுடிதார்கள், ஸ்வெட்டர்கள். மூட்டை அவிழ்ந்து, பனியில் ஊறி, வண்டிச் சக்கரத்தில் அரைபட்டுக் கிடந்தன. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். மீனவ ஊர்களான அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் தப்பியவர்களுக்குக் கட்டியிருந்த துணியைத் தவிர மாற்றுத்துணி இல்லை. ஆனாலும் அந்தக் குவியலை மீனவக் குடும்பங்கள் பெரும்பாலும் தொடவில்லை.

“எல்லாம் போன பிறகும் இவர்களுக்கு இவ்வளவு ரோஷமா?” என்று அப்போது பலர் கேட்டார்கள். நல்ல மனதோடு அலமாரியைத் திறந்து கொடுத்தவர்களுக்கு அந்த வருத்தம் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியே பிழையானது. நாகையின் மீனவர்கள் பரம்பரை ஏழைகள் அல்லர். படகும் வலையும் வைத்துக் கடலில் உழைத்துச் சம்பாதித்தவர்கள். டிசம்பர் 25 வரை தங்கள் துணியைத் தாங்களே கடையில் எடுத்து உடுத்தியவர்கள். ஒரே காலையில் வீட்டை இழந்தார்களே தவிர, தாங்கள் யார் என்ற நினைப்பை இழக்கவில்லை.

மானத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அந்த மூட்டைகளில் உடுத்தத் தக்கது குறைவு. முகாமில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு சேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்பாவாடை இல்லாமல் அதைக் கட்ட முடியாது. ரவிக்கை யாரோ ஒருத்தியின் அளவுக்குத் தைத்தது. கை நுழையாது, அல்லது தோளில் நிற்காது. உள்ளாடையைப் பழையதாக யாரும் கொடுப்பதில்லை, கொடுத்தாலும் வாங்கக்கூடாது. மாதவிடாய்க்குத் துணி வேண்டும். சேலை மூட்டைக்குள் பாலியஸ்டர்தான் இருக்கிறது. ஆண்களுக்குத் தேவை கைலியும் துண்டும். வந்ததோ இடுப்பு அளவு தெரியாத பேன்ட். சேலையைத் தவிர வேறு உடை அறியாத ஐம்பது வயதுப் பெண்ணிடம் சுடிதாரை நீட்டினால் அவர் என்ன செய்வார்? கடலோரத்துப் புழுக்கத்துக்கு ஸ்வெட்டர் யார் கேட்டது?

இது நாகைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2001இல் குஜராத் நிலநடுக்கத்தின்போதும் இதே குவியல். 1998இல் மிட்ச் புயல் அடித்த ஹோண்டுராசில், வந்திறங்கிய பழைய துணி விமான ஓடுதளத்தை அடைத்து, மருந்தும் உணவும் ஏற்றிவந்த விமானம் இறங்க இடமில்லாமல் போனது. சுனாமி சூறையாடிய இந்தோனேசியாவின் ஆச்சே கடற்கரையிலும் துணி மலையாகக் கிடந்து அழுகியது. கடைசியில் தீ வைத்தார்கள். பேரிடர் நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை ‘இரண்டாவது பேரிடர்’ என்கிறார்கள்.

ரோஷக் கதையை முடித்துவைக்க இன்னொரு செய்தி போதும். 2023 பிப்ரவரியில், தைப்பூசத்தையொட்டித் தனியார் ஒருவர் இலவச வேட்டி சேலை தருகிறார் என்று கேள்விப்பட்டு வாணியம்பாடியில் டோக்கன் வாங்கக் கூட்டம் கூடியது. நெரிசலில் சிக்கி நான்கு பெண்கள் இறந்தார்கள். நால்வரும் வயதானவர்கள். சேலை வேண்டாம் என்கிற அளவுக்கு வசதி இந்த நாட்டின் ஏழைகளுக்கு வந்துவிடவில்லை. அங்கே உயிரைக் கொடுத்து வரிசையில் நின்றவர்களுக்கும், நாகையில் எல்லாம் இழந்து மூட்டையைத் தாண்டிப் போனவர்களுக்கும் துணி தேவையாகத்தான் இருந்தது. வாணியம்பாடியில் எதிர்பார்த்தது புதுத் துணி. நாகையில் கிடந்தது அடுத்தவர் கழித்தது.

அப்படியானால் பழைய துணி என்றாலே இழிவா? இல்லவே இல்லை. நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் மேல் முதலில் படுவது பழைய துணி. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன தாத்தாவின் வேட்டியையோ பாட்டியின் நூல் சேலையையோ கிழித்துத்தான் பிள்ளையைப் போர்த்துவோம். சில குடும்பங்களில் முதல் சட்டையே நன்றாக வளர்ந்த வேறொரு குழந்தை போட்டு வளர்ந்த சட்டையாக இருக்க வேண்டும் என்பார்கள். அக்காள் பாவாடை தங்கைக்கு வரும். அம்மாவின் கூறைப்புடவை மகளுக்கு வந்தால் அது பெருமை. தூளி கட்டுவது பழைய சேலையில். ஆக, துணியின் வயது இங்கே பிரச்சினை இல்லை. யார் உடுத்தியது, யார் கொடுக்கிறார், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே என்ன உறவு என்பதில்தான் மானமும் அவமானமும் இருக்கின்றன.

அந்த உறவை நம் சமூகம் மிகக் கொடூரமாக எழுதிவைத்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சூத்திரனுக்கு எச்சில் உணவும் பழந்துணியும் பதரும் கழித்த தட்டுமுட்டுச் சாமான்களும் தர வேண்டும் என்று விதிக்கிறது. சண்டாளருக்கு அதே அத்தியாயம் ஒதுக்குவது பிணத்தின் மேல் கிடந்த துணி. இது ஏட்டோடு நின்ற விதியும் அல்ல. சாவு வீட்டுத் துணியை வண்ணாருக்கும் வெட்டியானுக்கும் உரியதாக வைத்த கிராமத்து வழக்கம் நம் பாட்டன் காலத்தில் நடந்தது. சில ஊர்களில் இன்னும் மிச்சமிருக்கிறது. பண்ணையில் வேலை செய்தவருக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆண்டையின் பழைய வேட்டி. அதைக் கட்டிக்கொண்டு அவர் ஊருக்குள் வந்தால், யாருடைய ஆள் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அம்பேத்கர் இதைத் துல்லியமாகப் பிடித்தார். 1927இல் மகாராஷ்டிரத்தின் மகாடில் கூடிய ஒடுக்கப்பட்ட மக்களிடம் குளத்து நீர் உரிமையைப் பற்றிப் பேசியவர், இறந்த மாட்டின் இறைச்சியையும் ஊரார் போடும் மிச்சம் மீதியையும் விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் அங்கேயே பெண்களிடம் தனியாகப் பேசினார்: தீண்டாமையின் அடையாளமாக இருக்கும் சேலைக்கட்டை மாற்றுங்கள், சுத்தமாக உடுத்துங்கள். உடையை அவர் அரசியலாகப் பார்த்ததற்குக் காரணம், அது ஏற்கெனவே அரசியலாக இருந்ததுதான். அவருடைய கோட்டும் சூட்டும் இன்று ஊர் ஊராகச் சிலையில் நிற்பதை ஆடம்பரம் என்று கேலி செய்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது.

சாதியின் இந்த இழிவோடு, கொடையோடு கேடும் கைமாறும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. குளோரியா ரஹேஜா என்ற மானுடவியலாளர் உத்தரப் பிரதேசத்தின் பஹன்சு கிராமத்தில் ஆய்வு செய்து 1988இல் வெளியிட்ட நூலுக்கு, கொடைக்குள் இருக்கும் நஞ்சு என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தானம் கொடுப்பவரின் அமங்கலம் பொருளோடு சேர்ந்து வாங்குபவரிடம் போகிறது என்று அந்த ஊர் நம்பியதை அவர் விரிவாகக் காட்டுகிறார். நமக்கு இது புதிதா என்ன? உடுத்திய துணியை வைத்துச் செய்வினை செய்வார்கள் என்று பயந்து ஓர் ஓரத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று மறுநாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். கொடுப்பவருக்கே இத்தனை அச்சம் இருக்கும்போது, வாங்குபவர் மட்டும் ‘இது செத்தவர் துணியோ’ என்று யோசிக்கக்கூடாது என்பது என்ன நியாயம்?

கழித்த துணியை ஏழைக்குக் கொடுக்கலாமா என்ற விவாதம் ஏற்கெனவே ஒருமுறை உயர்ந்த தளத்தில் நடந்திருக்கிறது. 1921 ஜூலை 31 அன்று பம்பாய் பரேலில் காந்தி அந்நியத் துணிகளைக் குவித்து எரித்தார். அவருடைய நண்பர் சி.எஃப். ஆண்ட்ரூஸ் துடித்துப்போனார். தாகூரும் கடுமையாக எதிர்த்தார். உடுக்கத் துணியில்லாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில் துணியை எரிப்பதா? எந்த மனிதருக்கும் தோன்றும் கேள்வி அது. காந்தி அந்த அக்டோபரில் ‘யங் இந்தியா’வில் எழுதிய பதில் இன்று படித்தாலும் திடுக்கிட வைக்கிறது. வேலை கேட்டு நிற்பவனுக்கு வேண்டாத துணியைக் கொடுப்பது அவனை அவமதிப்பது. நான் அவனுக்குப் புரவலனாகும் பாவத்தைச் செய்ய மாட்டேன். அவனுடைய வறுமையில் எனக்கும் பங்கிருக்கிறது என்று தெரிந்தால், கழித்த துணியைக் கொடுக்காமல் என்னிடமுள்ள சிறந்ததைக் கொடுத்து அவனோடு வேலையில் நிற்பேன் என்பது அதன் சாரம். இதை எழுதுவதற்குச் சில வாரங்களுக்கு முன்தான், செப்டம்பர் 22 அன்று, மதுரையில் அவர் அரையாடைக்கு மாறியிருந்தார்.

தாகூரின் பக்கம் நியாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். குளிரில் நடுங்குபவனுக்குத் தத்துவம் போர்வையாகாது. ஆனாலும் காந்தி கேட்ட கேள்விக்கு அதன் பின் வந்த நூறு ஆண்டுகளில் துணி சேகரிப்பவர்களில் மிகச் சிலரே பதில் தேடியிருக்கிறார்கள்.

அவர்களில் முக்கியமானவர் அன்ஷு குப்தா. 1999இல் தன் வீட்டு அலமாரியிலிருந்த 67 துணிகளோடு டெல்லியில் அவர் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, 2015இல் அவருக்கு மகசேசே விருதைப் பெற்றுத் தந்தது. துணியைத் தானமாகக் கொடுக்காமல் வேலைக்கு ஈடாகக் கொடுப்பது அவர்கள் வழி. ஊர் மக்கள் கூடி, கிணறு வெட்டுவதா, பாதை போடுவதா என்று தாங்களே தீர்மானித்து, உழைத்து முடித்ததும் குடும்பத்துக்கு ஒரு துணி மூட்டை. வாங்குபவர் கை ஏந்தவில்லை, சம்பாதித்திருக்கிறார். சுனாமி பகுதியில் யாரும் தொடாமல் கிடந்த துணியில் ஒரு பகுதியைத் தரம்பிரித்துப் பயன்படுத்தும் வேலையையும் இவர்கள் எடுத்துச் செய்தார்கள். உடுத்த முடியாத பருத்தித் துணியைத் துவைத்து, வெட்டி, மாதவிடாய் நாப்கினாக்கினார்கள்.

எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் சட்டப்படி கூலி தர வேண்டிய வேலையைப் பழந்துணிக்கு வாங்குவது, ஊருக்கு ஊர் எங்கே நியாயம், எங்கே மலிவுக் கூலி என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். தங்கள் ஊருக்குத் தாங்களே தேர்ந்த வேலை என்பதுதான் அதற்கு அவர்கள் தரும் விளக்கம். குறைந்தபட்சம், வாங்குபவரின் முகத்தைப் பார்க்கிற திட்டம் அது.

மானம் ஒருபுறமிருக்க, யாரும் பார்க்காத இன்னொரு தடை இருக்கிறது: பிரிக்கும் வேலை. மூட்டை கட்ட நமக்கு அரை மணி நேரம் போதும். போய்ச் சேரும் இடத்தில் அதை அவிழ்த்து, ஆண், பெண், குழந்தை என்று பிரித்து, கிழிந்ததையும் கறை படிந்ததையும் தள்ளி, பொத்தான் தைத்து, துவைத்து, அளவு எழுதி அடுக்கி, எலி கடிக்காமல் வைத்திருக்க ஆளும் இடமும் கூலியும் வேண்டும். துணியோடு அந்தக் கூலியை யாரும் அனுப்புவதில்லை. ஐம்பது பிள்ளைகள் இருக்கும் ஓர் இல்லத்தில் சமையலறைக்குப் பக்கத்து அறை முழுக்க மூட்டையாகக் கிடந்தால், அது அவர்களுக்கு வரவு அல்ல, செலவு. ‘புதுத்துணி மட்டும்’ என்று பல இல்லங்கள் சொல்வதைத் திமிர் என்று நினைப்பவர்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாம். பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் புதுச் சீருடையை அரசு தருகிறது. அப்படியிருக்க, பெற்றோர் இல்லாத பிள்ளை மட்டும் ஏன் ஊரார் சட்டையில் வளர வேண்டும்?

எம்.ஜி.ஆர் 1983இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்தில் இந்தப் புரிதல் இருந்தது. புதுத் துணி, அதுவும் கைத்தறி, விசைத்தறி நெசவாளருக்கு வேலை கொடுத்து நெய்த துணி, எல்லோரும் நிற்கும் ரேஷன் கடை வரிசையில். தரத்தைப் பற்றியும் தாமதத்தைப் பற்றியும் ஆண்டுதோறும் குறை சொல்கிறோம், அதில் பாதி நியாயம். ஆனால் துணியைக் கொடுப்பதும் வேலையைக் கொடுப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்ற காந்தியின் பேச்சுக்கு, அவர் பெயரைச் சொல்லாமலே, அரசு செய்த மிகப் பெரிய செயல் அதுதான்.

இலவசமாகக் கொடுத்தால் ஒதுக்கப்படும் பழந்துணி, விலை வைத்தால் விற்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பேன்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தையலைப் பார்த்து, “அம்பதுக்குக் குடுப்பா” என்று பேரம் பேசுகிறவர் அதே பேன்ட்டை ஒரு வீட்டு வாசலில் கை நீட்டி வாங்க மாட்டார். பேரம் பேசும்போது அவர் வாடிக்கையாளர். பிடிக்காவிட்டால் கீழே போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். நம் தெருக்களில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்க வரும் பெண்களுக்கும் இது நன்றாகத் தெரியும். நான்கு புடவைக்கு ஓர் எவர்சில்வர் சம்படம் என்று வீட்டுப் பெண்களோடு அவர்கள் மல்லுக்கு நிற்பதில் யாரும் யாருக்கும் தருமம் செய்யவில்லை. டெல்லியில் இந்தத் தொழிலைச் செய்யும் வாக்ரி சமூகத்துப் பெண்கள் ரகுபீர் நகரில் விடிவதற்கு முன்பே கூடி விற்கும் சந்தை பெரிது. லூசி நோரிஸ் அந்தத் துணியின் பயணத்தைப் பின்தொடர்ந்து 2010இல் ஒரு நல்ல நூலே எழுதியிருக்கிறார்.

மேல்நாட்டார் தர்மப் பெட்டியில் போடும் துணியும் பெரும்பாலும் நேராக ஏழையிடம் போவதில்லை. அதில் ஒரு பகுதி நம் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு வருகிறது. அங்கே பெண் தொழிலாளர்கள் தரம்பிரிக்க, நல்லது ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. உள்நாட்டுத் துணித் தொழிலைக் காக்க, பழைய ஆடையை உரிமமின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. கிழித்துக் கந்தலாக்கினால் கொண்டுவரலாம். அந்தக் கந்தல் பானிபட்டுக்குப் போய், ஜிப்பும் பொத்தானும் நீக்கி, நிறவாரியாகப் பிரித்து, நார் நாராக அரைத்து, நூலாகி, கம்பளியாகிறது. பேரிடர் முகாம்களில் நீண்ட காலம் விநியோகிக்கப்பட்ட மலிவுக் கம்பளிகளில் கணிசமானவை இப்படி வந்தவை. சட்டையாக வந்தால் ஒதுக்கப்படும் துணி, அரைபட்டு இன்னாருடையது என்ற அடையாளம் அழிந்து கம்பளியாக வந்தால் ஏற்கப்படுகிறது.

மறுக்கும் உரிமையை இலவசக் கொடையிலும் வைக்க முடியும் என்று காட்ட முயன்றவை ‘அன்புச் சுவர்’கள். 2015 இறுதியில் ஈரானின் மஷ்ஹத் நகரில் தொடங்கிய யோசனை இது. 2017இல் நெல்லையில் மாவட்ட நிர்வாகமே பாளையங்கோட்டையில் ஒன்றை அமைத்தது. வேண்டாததை வைத்துவிட்டுப் போ, வேண்டியதை எடுத்துக்கொண்டு போ. போட்டோ இல்லை, வரிசை இல்லை, பேர் கேட்பவர் இல்லை. அதே ஆண்டு சென்னை பெசன்ட் நகரில் வந்த ‘ஐயமிட்டு உண்’ பொதுக் குளிர்பெட்டிக்குப் பக்கத்திலும் துணிக்கு ஒரு தட்டு வைத்தார்கள். யோசனை அருமை. ஆனால் தினம் ஒருவர் நின்று ஒழுங்கு செய்யாத இடத்தில் இத்தகைய சுவர் சில மாதங்களில் குப்பைத்தொட்டியாகிவிடும். பிரிக்கும் வேலை இங்கேயும் விடுவதில்லை.

பேரிடர் நேரத்தில் துணியைவிடப் பணமே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மத்திய அரசின் பேரிடர் நிவாரண நெறிமுறையே, வெள்ளத்தில் துணியிழந்த குடும்பத்துக்கு இவ்வளவு தொகை என்று தனியாக ஒதுக்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழக அரசு ரேஷன் கடைகள் வழியே 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தது. குடித்தே அழித்துவிடுவார்கள் என்ற வழக்கமான புலம்பல் அப்போதும் கேட்டது. உள்பாவாடையா, பள்ளிப் பையா, அடுப்பா என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். அவள் கடைக்குப் போனால் அவளுடைய ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கிறது.

போகிக்கு முன் எப்படியும் அலமாரியைக் காலி செய்யப்போகிறீர்கள். சென்னையில் மாநகராட்சி ஆட்களே எரிக்காமல் கொடுங்கள் என்று பழைய துணியைக் கேட்டு வாங்குகிறார்கள். கறை படிந்ததும் கிழிந்ததும் அங்கே போகட்டும், ஏழைக்குப் போக வேண்டாம். நல்ல நிலையில் இருப்பதைத் துவைத்து, தேய்த்து, அளவெழுதி, உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் “இது உங்களுக்கு ஆகுமா?” என்று கேட்டுக் கொடுங்கள். “வேண்டாங்க” என்றால் முகம் சுளிக்காதீர்கள். இல்லத்துக்குக் கொடுப்பதாயிருந்தால் முதலில் போன் செய்து என்ன வேண்டுமென்று கேளுங்கள். அவர்கள் உள்ளாடையும் நாப்கினும் கேட்டால், கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.